பாட்டியின் முத்துமாலை இயற்கை முத்து என்று அறிக்கை வந்திருக்கிறது, அடுத்து என்ன செய்வது?

தேன்மொழி:

வணக்கம். பழைய முத்துகளைப் பற்றி விவரம் தெரிந்தவர்களின் யோசனை எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.

பாட்டி இறந்த பிறகு அவருடைய நகைகளை அம்மாவும் இரண்டு சித்திகளும் பங்கிட்டுக்கொண்டார்கள். தங்கத்தை எடை போட்டார்கள், கல் வைத்த நகைகளுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு முத்துமாலை மட்டும் பெட்டியில் கிடந்தது. "அது வெறும் பாசி, பேத்தி ஆசைப்பட்டால் எடுத்துக்கொள்ளட்டும்" என்று பெரிய சித்தியே எடுத்து என் கையில் கொடுத்தார். பாட்டி அதைப் பழைய கைக்குட்டை ஒன்றில் சுற்றி வைத்திருப்பார். பளபளவென்று இருக்காது. மங்கலான பாலேட்டு நிறம். நடுவில் சற்றுப் பெரிய முத்துகள், பின்கழுத்துக்கு வர வர மிகவும் சிறுத்துவிடும். உற்றுப் பார்த்தால் ஒன்றுகூடக் கச்சிதமான உருண்டை இல்லை.

நூல் தளர்ந்திருந்ததால் மாற்றிக் கோக்கக் கொண்டுபோனேன். கோப்பவர் வயதில் பெரியவர். தன் ஊசியை ஒரு துளையின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார், நுழையவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தார், விளக்கைக் கிட்டே இழுத்தார், இன்னும் சில முத்துகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாலையை என் பக்கமே நகர்த்திவிட்டு, "இதை நான் அறுக்க மாட்டேன். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்" என்றார்.

பரிசோதனைக்கூடத்திலிருந்து இப்போது அறிக்கை வந்துவிட்டது. கடலில் விளைந்த இயற்கை முத்துகள், நிறமேற்றியதற்கான தடயம் இல்லை. கொக்கியை ஒட்டியுள்ள மூன்று மட்டும் வளர்ப்பு முத்துகள், அதாவது மனிதர் சிப்பிக்குள் எதையாவது வைத்து வளர்த்தெடுத்தவை என்று குறித்திருக்கிறார்கள்.

இதைக் கேள்விப்பட்ட ஒரு நகை வியாபாரி வீட்டுக்கே வந்து ஒரு தொகை சொன்னார். நான் நினைத்தே பார்க்காத தொகை அது. ஆனால் "வளர்ப்பு முத்து கலந்துவிட்டதால் மாலையே கெட்டுப்போய்விட்டது, இந்த வாரக் கடைசிக்குள் கொடுத்தால்தான் இந்த விலை" என்கிறார். அந்த மூன்றும் உண்மையிலேயே மாலையின் மதிப்பைக் கெடுக்குமா? நூல் எந்த நேரமும் அறுந்துவிடும் போலிருக்கிறது, மாற்றலாமா கூடாதா? மேலே படிந்திருக்கும் மங்கலைச் சுத்தம் செய்யலாமா?

இன்னொன்றும் இருக்கிறது. சித்திகளுக்கு இது எதுவும் தெரியாது. கொடுத்தது கொடுத்ததுதான் என்கிறார் என் கணவர். அம்மா வாய் திறக்கவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அருள்:

வாழ்த்துகள்! அந்த வியாபாரிக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2018 நவம்பரில் பிரான்ஸ் அரசி மேரி அன்டோனெட்டின் முத்துப் பதக்கம் ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்தது. அதிகம் போனால் 20 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டிருந்தார்கள், விற்றது ஏறத்தாழ 3.6 கோடி டாலருக்கு! இயற்கை முத்துக்கு இப்போது அப்படி ஒரு கிராக்கி. நேராக ஒரு பெரிய ஏல நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

நூலும் ஊசியும்:

தேன்மொழி அம்மா, மாலையை அறுக்காமல் திருப்பித் தந்த அந்தப் பெரியவரை எங்கிருந்தாலும் வணங்குகிறேன். நானும் முத்துக் கோப்பதையே தொழிலாகக் கொண்டவள். அவர் என்ன பார்த்தார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வியாபாரி சொன்னதற்குப் பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

இயற்கை முத்தை விற்பவர்கள் காலங்காலமாக எடையைக் கிரெய்ன் கணக்கில் எடுப்பார்கள். ஒரு கிரெய்ன் என்றால் 50 மில்லிகிராம், ரத்தினங்களை எடை போடும் கேரட்டில் கால் பங்கு. அந்த எடையை அதே எடையால் பெருக்கி, வந்ததை அந்தத் தரத்துக்குரிய அடிப்படை விலையால் பெருக்குவார்கள். ஒரு கிரெய்ன் முத்து சுமார் 3.3 மில்லிமீட்டர் இருக்கும். அதைப்போல இரண்டு மடங்கு குறுக்களவு உள்ள முத்து எட்டு கிரெய்ன் எடை இருக்கும். தரம் ஒன்றாக இருந்தால், இந்தக் கணக்கில் முதலாவது ஒன்று, இரண்டாவது அறுபத்து நான்கு. துளையிடும்போது உதிரும் தூள்கூட விலையைத் தின்றுவிடும் என்பதால் பழைய துளையாளிகள் முடிந்த அளவு மெல்லிய துளைதான் போட்டார்கள். இரு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சேர்ப்பார்கள். வளர்ப்பு முத்துக்கு இந்தக் கவலை இல்லை, இயந்திரம் ஒரே அளவில் துளைத்துவிடும். ஊசி நுழையாதபோதே அந்தப் பெரியவருக்குப் பொறி தட்டியிருக்கும்.

இப்போது உங்கள் மூன்று முத்துகளுக்கு வாருங்கள். அவை எங்கே இருக்கின்றன? கொக்கிக்குப் பக்கத்தில், மாலையிலேயே மிகச் சிறியவை இருக்கும் இடத்தில். மேலே சொன்ன கணக்கில் அந்த இடத்து முத்துகள் மொத்த மதிப்பில் கொண்டுவருவது மிகவும் சொற்பம். என்றோ ஒருநாள் நூல் அறுந்து சில முத்துகள் தொலைந்திருக்கும், கோத்தவர் அந்தக் காலத்தில் கைக்குக் கிடைத்ததை வைத்து நிரப்பியிருப்பார். பழைய மாலைகளில் இது மிகச் சாதாரணமாகக் காணக் கிடைப்பது. அந்த மூன்றையும் கழற்றிவிட்டால் மாலை ஒரு விரற்கடைகூடக் குறையாது. மீதி அனைத்தும் இயற்கை முத்து என்று பரிசோதனைக்கூடத்திலேயே புதிய அறிக்கை கேட்டுப் பெறலாம். மாலையே கெட்டுப்போய்விட்டது என்று ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால், அவர் உங்களைப் பயமுறுத்தி வாங்கப் பார்க்கிறார். மாலை கெட்டுப்போயிருந்தால் வாரக் கடைசிக்குள் அது அவருக்கு ஏன் வேண்டும்? எனக்குக் கோபம்தான் வருகிறது.

அறிக்கையை நம்பலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், நாளை யாராவது சந்தேகத்தைக் கிளப்பினால் உதவும். கண்ணால் பார்த்தோ, பல்லில் உரசியோ இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் பிரிக்க முடியாது. பல்லில் உரசினால் நறநறவென்றிருப்பது இரண்டுக்கும் பொதுவானது, ஏனென்றால் இரண்டின் மேற்பரப்பும் சிப்பி சுரந்ததுதான். வேறுபாடு உள்ளே இருக்கிறது. எக்ஸ்ரேயில் இயற்கை முத்து வெங்காயம்போல் மையம் வரைக்கும் அடுக்கடுக்காகத் தெரியும். மணி வைத்து வளர்த்த முத்தில் நடுவே ஒரு உருண்டையும் அதைச் சுற்றிய தெளிவான கோடும் தெரியும். அந்த மணியைப் பெரும்பாலும் நன்னீர்ச் சிப்பியின் ஓட்டிலிருந்து கடைந்து செய்வார்கள். மணியில்லாமல் சிப்பியின் திசுத் துண்டு மட்டும் வைத்து வளர்த்ததில் மையத்தில் ஒரு சிறு வெற்றிடம் காட்டிக்கொடுக்கும். கடல் முத்தா நன்னீர் முத்தா என்பதையும் எக்ஸ்ரே சொல்லும். நன்னீர் முத்தில் மாங்கனீசு அதிகம், அதனால் அது எக்ஸ்ரே பட்டதும் ஒளிரும்.

ஜப்பானில் மிகிமோட்டோ என்பவர் 1893இல் அரைக்கோள வடிவ முத்தை வளர்த்தெடுத்தார். முழு உருண்டை வளர்ப்பு முத்துகள் 1920களில் ஐரோப்பியச் சந்தைக்குள் வந்தபோது வியாபாரிகள் நிலைகுலைந்து போனார்கள். லண்டனில் 1925இல் ரத்தினப் பரிசோதனைக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டதற்கே இந்தக் குழப்பம்தான் காரணம். எனவே உங்கள் மாலையின் அந்த மூன்று முத்துகளும் ஒரு செய்தி சொல்கின்றன: கடைசியாக முத்து மாற்றிக் கோத்தது 1920களுக்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை. மற்ற முத்துகள் அதற்கு எவ்வளவு மூத்தவை என்பதைத் துளையும் கொக்கியும்தான் ஓரளவு சொல்லும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள எஸ்.எஸ்.இ.எஃப். பரிசோதனைக்கூடம் கார்பன்-14 முறையில் முத்தின் வயதைக் கணித்தும் தருகிறது. உங்களுக்கு அது இப்போது தேவையில்லை. ஆனால் கொக்கியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் நாக்கில் சிறு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கழுகுத் தலை இருந்தால் அது பிரான்சின் 18 கேரட் தங்க முத்திரை, 1838 முதல் பயன்பாட்டில் இருப்பது. கொக்கி பிற்காலத்தில் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம், இருந்தாலும் அது ஒரு சாட்சி.

அருள் சொன்ன தகவல் சரிதான், ஆனால் அந்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அங்கே விலை போனதில் பெரும்பங்கு அரசியின் பெயர். முத்தின் விலை ஏறியதைப்போல இறங்கியும் இருக்கிறது. 1917இல் கார்ட்டியே என்ற நகை நிறுவனம் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையையே வாங்கியது. அதற்குக் கொடுத்தது 10 லட்சம் டாலர் மதிப்பிட்ட இரட்டைச்சர முத்துமாலையும் 100 டாலர் ரொக்கமும். அந்த மாலை 1957இல் ஏலத்துக்கு வந்தபோது அந்த மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. இடையில் வந்தவை 1930ஐ ஒட்டிய பொருளாதார வீழ்ச்சியும் வளர்ப்பு முத்தும். உங்கள் பாட்டியின் மாலையைப் பாசி என்று ஒரு தலைமுறையே ஒதுக்கிவைத்ததற்கும் அந்த வீழ்ச்சியில் பங்குண்டு. சந்தையில் முத்தென்றாலே வளர்ப்பு முத்து என்றான பிறகு, மங்கலான, உருண்டையாக இல்லாத பழைய முத்தை யார் திரும்பிப் பார்த்தார்கள்?

ஆகவே ஏல நிறுவனங்கள் இணையத்தில் வெளியிடும் முடிவுகளில் பெயர் எதுவும் ஒட்டாத மாலைகளைத் தேடுங்கள். ஒரே சரம், அறிக்கை உள்ளது, நடு முத்தின் மில்லிமீட்டர் அளவு உங்களுடையதை ஒத்தது. மதிப்பீட்டை விட்டுவிட்டு விற்ற விலையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அதிலும் வாங்கியவர் கட்டிய கட்டணம் சேர்ந்திருக்கும், விற்றவர் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. மதிப்பிடுகிறவர் வாங்குகிறவராக இருக்கக் கூடாது என்பது மட்டும் எந்தக் காலத்திலும் மாறாது. கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பிடும் இருவரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாதீர்கள். மதிப்பு எதற்கு என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். காப்பீட்டுக்கு எழுதித் தரும் தொகை விற்றால் கிடைக்கும் தொகையைவிட உயரமாகவே இருக்கும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஏமாந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுத்தம் செய்யவே செய்யாதீர்கள், அம்மா. முத்தின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். வினிகர் பட்டால் கரையும். நகையைச் சுத்தம் செய்யும் மீயொலிக் கருவி, பிளீச்சிங், பற்பசை எதுவும் ஆகாது. மேல் அடுக்கை உரித்துவிட்டால் உள்ளே பளபளப்பு வரும் என்று யாராவது ஆசை காட்டினால் மாலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். உரித்தால் எடை போகும், எடை போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். உள்ளே பளபளப்பு இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதமில்லை. உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் வைக்க வேண்டாம், வறண்ட பெட்டகத்தில் ஆண்டுக்கணக்கில் பூட்டியும் வைக்க வேண்டாம். முத்துக்குள் சிறிதளவு நீர் இருக்கிறது, அது வற்றினால் விரிசல் விழும். பாட்டியின் கைக்குட்டை இருக்கிறதே, அதிலேயே வையுங்கள். அவர் செய்தது சரி.

நூல் மாற்றலாம். ஆனால் அறுப்பதற்கு முன் மாலையை அளவுகோலுக்குப் பக்கத்தில் நேராக நீட்டி, கொக்கியிலிருந்து கொக்கிவரை வரிசை தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு நூல், முத்துக்கு முத்து முடிச்சு, துளையை ஒரு மயிரிழைகூடப் பெரிதாக்கக் கூடாது: இதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஊசி நுழையாத இடத்தில் துளைப்பானைக் கையில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெரியவரிடமே கொடுங்கள் என்பது என் ஆசை.

கதிரவன்:

நகையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மாமாவின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது, அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் கணவர் சொல்வதில் சட்டப்படி நியாயம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாட்டி உயில் எழுதியிருக்கிறாரா, அதில் நகைகள் மூன்று மகள்களுக்கும் சமம் என்று இருக்கிறதா என்பதைப் பாருங்கள். அப்படி இருந்தால் அந்த மாலையும் பங்குக்கு உரியதே. ஒரு சித்தி எடுத்துக் கொடுத்தது மற்ற இருவர் சார்பிலும் கொடுத்ததாக ஆகுமா என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். வாரிசுச் சொத்துக்கு வரி உள்ள நாடென்றால் அந்தக் கணக்கும் சேரும்.

ஆனால் வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன்பே சித்திகளிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லி அவர்களுக்குத் தெரிவது ஒன்று, வீட்டுக்கு வந்த அந்த வியாபாரி சொல்லித் தெரிவது முற்றிலும் வேறு. எங்கள் வீட்டில் ஒரு நிலப் பத்திரம் பிந்தி வெளியே வந்தது. மறைத்தார்களா, உண்மையிலேயே தெரியாதா என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வீடுகளுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை. அறிக்கையின் நகலை இருவருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். தொகை எதையும் சொல்லாதீர்கள், வியாபாரி சொன்ன தொகையையும்தான். அது மதிப்பே அல்ல.

தேன்மொழி:

மூவருக்கும் நன்றி. வியாபாரியிடம் விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். உடனே தொகையை ஏற்றினார். அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

சித்திகள் இருவரையும் வரவழைத்து, அம்மாவையும் வைத்துக்கொண்டு அறிக்கையை வாசித்துக் காட்டினேன். பெரிய சித்தி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, பாட்டி இதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பதைச் சிறுமியாக ஒரு முறை பார்த்ததாகவும், யாரோ வரும் சத்தம் கேட்டதும் கழற்றிவிட்டதாகவும் சொன்னார். அம்மாவுக்கு அது புதிய செய்தி. உயிலில் நகைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

கொக்கியின் நாக்கில் ஏதோ முத்திரை இருக்கிறது, தேய்ந்துபோனதால் படிக்க முடியவில்லை.

சின்ன சித்திக்கு ஒரு யோசனை: மாலையை மூன்றாகப் பிரித்து ஆளுக்கு ஒரு கைச்சரமாகக் கோத்துக்கொள்ளலாம், விற்கவே வேண்டாம். நியாயமாகத்தான் தோன்றுகிறது. நூலும் ஊசியும் அம்மா, இது சரியா?

நூலும் ஊசியும்:

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். சித்தியின் மனம் எனக்குப் புரிகிறது, ஆனால் முத்துகளை நினைத்துப் பாருங்கள். இயற்கை முத்தில் ஒன்றைப்போல் இன்னொன்று பிறப்பதில்லை. எத்தனையோ சிப்பிகளைத் திறந்தும் ஒன்றும் கிடைக்காமல் போகும். நிறமும் வடிவமும் ஒத்துப்போகும் முத்துகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை படிப்படியாகத் தேடிச் சேர்க்க ஆண்டுகள் பிடிக்கும். சேர்த்தவரின் பொறுமைக்கும் அந்த விலையில் பங்குண்டு. மூன்றாக அறுத்தால் அது போய்விடும், மறுபடி ஒட்டாது. சமமாகப் பிரிக்கவும் முடியாது. நடுப்பகுதி யாருக்குப் போகிறதோ அவருக்கே மதிப்பில் பெரும்பங்கு போய்விடும், பின்கழுத்துப் பகுதி கிடைத்தவருக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. எல்லாக் கைச்சரத்திலும் பெரியதும் சிறியதுமாகக் கலந்து கோத்தாலோ எதிலும் வரிசை இருக்காது.

மூன்று பெயரிலும் மாலை இருப்பதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருவர் வீட்டில் இருக்கலாம், காப்பீடும் மூவர் பெயரில். பிற்காலத்தில் ஒருவருக்குப் பணம் தேவைப்பட்டால், அப்போதைய இரண்டு மதிப்பீடுகளின் சராசரியில் மற்ற இருவரும் அவர் பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். சுமுகமாக இருக்கும்போது எழுதினால்தான் அந்தத் தாளுக்கு மரியாதை.

கழற்றும் மூன்று வளர்ப்பு முத்துகளைத் தனி உறையில் போட்டு அறிக்கையோடு வையுங்கள். கைச்சரம் வேண்டுமென்ற ஆசை சித்திக்கு அப்போதும் இருந்தால், புதிதாக வளர்ப்பு முத்து வாங்கித் தாருங்கள், நானே கோத்துத் தருகிறேன். கூலி வேண்டாம். நூல் மாற்றும்வரை யாரும் மாலையைக் கழுத்தில் போட வேண்டாம், பெரிய சித்தி கேட்டாலும்.